ஒன்பது பச்சைப் புள்ளிகள்

காட்டுத்தீ வந்த அன்று காற்று எத்தனை மணிக்குத் திசை திரும்பியது என்பதை நான் சரியாகச் சொல்வேனா, சந்தேகம்தான். மூன்று என்று எனக்கு நினைவு. நான்கு என்பவர்களும் உண்டு. அங்கே நடந்த பேச்சு மட்டும் மறக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைப்பக்கத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படை எங்களுடையது. வண்டியில் போகிறவர்கள் தங்கள் பெயர்த்தகட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள்; திரும்பியதும் கழற்றுவார்கள். அது பழசு என்று மூன்று மாதம் வாதாடி, கைபேசி வழியே ஆட்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியை எழுதிக் கொடுத்தவள் மெரின்.

பள்ளத்துக்குள் குழாய் இழுத்துப் போனவர்கள் புகைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வண்டிக்கு வந்தார்கள். திரையில் ஒன்பது பச்சைப் புள்ளிகள்: போன ஒன்பது பேரும் வண்டியருகே என்று அர்த்தம். தீ வரும் வழியை முன்னதாகவே எரித்துவிட, பள்ளத்தின் விளிம்பில் எதிர்த்தீ வைக்கச் சொன்னார் கேப்டன் கஃப்.

குடிக்கத் தண்ணீர் எடுக்க வண்டியின் முன்பெட்டியைத் திறந்த மெரின் அப்படியே நின்றாள். உள்ளே கைபேசிகள் குவிந்து கிடந்தன. சூட்டில் கெட்டுவிடும் என்று எல்லாரும் அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"கேப்டன், நிறுத்துங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"எதுக்கு? உன் மெஷின்தான் சொல்லுதே."

"போன் இங்க இருக்குன்னு சொல்லுது. ஆள் எங்கேன்னு அதுக்குத் தெரியாது."

"மூணு மாசம் என் காதைக் குடைஞ்சே. தீ வாசல்ல நிக்கும்போது ஞானம் வருதாக்கும்?"

"இப்பத்தான் வருது. திட்டுறதை அப்புறம் திட்டுங்க."

பம்பு பார்த்துக்கொண்டிருந்த நோலீன் கசந்து சிரித்தாள். "நீங்க சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள காடே சாம்பலாயிடும்."

"கீழ பதினாலு வீடு இருக்கும்மா," என்றார் கஃப், பல்லைக் கடித்து. "காத்து உனக்காக நிக்காது."

 மெரின் எழுதிய செயலியில் ஒரு பிழையும் இல்லை. அதை இந்த மலைக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. அதை இத்தனை பேர் முன்னால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் கொண்டுவந்தது தப்பு," என்றாள். தீ வைக்க நின்றவன் கையிலிருந்த எண்ணெய்ப் பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு, தானே பெயர்களைக் கூப்பிட்டாள்.

எட்டுக் குரல் வந்தது. டென்சில் பெயருக்கு வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

 கஃப் எதிர்த்தீயை நிறுத்திவிட்டு, சைரனை விடாமல் அடிக்கச் சொன்னார்.

இருபது நிமிடம் கழித்து, இடது கை வெந்து, சைரன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு டென்சில் நடந்தே வந்தார். அதற்குள் கீழே இரண்டு வீடுகள் தீயில் போயின, ஒன்று நோலீனுடையது. அவள் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டாள். கஃப் கேப்டன் பொறுப்பை விட்டார். டென்சில் கோழி வளர்க்கிறார். மெரின் இன்னும் படையில் இருக்கிறாள். கஃபும் அவளும் பேசிக்கொள்வதில்லை.