கண்ணாடி இல்லாத படம்

விரல் பட்டதும் செவனம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியின் குளிர்ச்சி இல்லை. துணி. சொரசொரவென்று, தொட்ட இடத்தில் லேசாக உள்வாங்குகிற துணி. எண்ணெயில் குழைத்த குங்குமம் மகளின் நெற்றியில் ஊறிப் புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது.

பவளம் உயிரோடிருந்தபோது, பசறைப் பக்கத்துத் தோட்டத்துத் தொரசாணி அவளைக் கொழுந்துக் கூடையோடு பங்களா விறாந்தையில் நிறுத்தி வரைந்த படம் அது. மறு வருஷ மழையில் லயத்து வரிசை வீடுகளின்மேல் மண்மேடு சரிந்து பவளம் போய்ச் சேர்ந்தாள். அவளை யாரும் போட்டோ பிடித்ததில்லை. அவள் முகம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்தப் படத்தில் மட்டும்தான். பங்களா கூட்டுகிற வேலையைச் செவனம்மா கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டதே அதற்காகத்தான். திவசத்தன்று தொரை தேயிலை மலைக்குப் போகிற நேரம் பார்த்து, படத்துக் கண்ணாடிமேல் பொட்டு வைத்துக் கும்பிடுவாள்; ஜீப் சத்தம் கேட்பதற்கு முன் முந்தானையால் துடைத்துவிடுவாள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தொரை சீமைக்குப் போனார். பங்களாப் படங்களெல்லாம் லொறியேறி, பதுளையில் திறக்கவிருந்த சித்திரக்கூடத்துக்கு வந்தன. வழியில் கண்ணாடி உடைந்ததை அவளுக்கு யார் சொல்வார்கள்?

அடுத்த கிழமை அவள் கப்பலேற வேண்டும். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் அவள் பேருக்கும் கடதாசி வந்துவிட்டது. "நாளைக்குத்தான் திறப்பு, சுருக்கா பாத்துட்டு வந்திருங்க," என்று காவலாளி ஜௌபர்தான் இரக்கப்பட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

"என்ன செய்யிறாய் அங்க?"

சித்திரக்கூடத்துச் செயலாளர் இளையதம்பி. யாழ்ப்பாணத்துக்காரர், வீடுவீடாக அலைந்து படங்களைச் சேர்த்து, தன் கையாலேயே தலைப்பெழுதி மாட்டியவர்.

"எம் மகளுங்கய்யா. பவளம். இன்னைக்கு அதோட தெவசம்."

அவர் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைத் தட்டினார். "கொழுந்து கொய்யும் பெண். உன்ர மகள் எண்டு எங்கை எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்."

"வாசிக்கத் தெரியாதுங்கய்யா."

"நாசமாக்க மட்டும் தெரியும்."

படச் சட்டங்களுக்குப் பொலிஷ் போட வைத்திருந்த, சாயம் கரைக்கிற தின்னரைத் துணியில் கொட்டிக்கொண்டு அவர் நெற்றியைத் தேய்த்தார். முதலில் சிவப்பு வந்தது. பிறகு தவிட்டு நிறம்.

"பொட்டு இருந்துட்டுப் போகட்டுங்கய்யா. அழுத்தாதீங்க, அதுக்கு நோகும்."

நோகும் என்றதும், பின்கதவடியில் நின்ற ஜௌபருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தினால் பிழை தன்னுடையதாகிவிடும் என்பதுபோல் இளையதம்பி இன்னும் வேகமாகத் தேய்த்தார். புருவம் போயிற்று. ஒரு கண் வழுக்கிக் கன்னத்துக்கு வந்தது, பிறகு அதுவும் இல்லை. கூடைக்கு முன்னால் வெறும் வெளுத்த துணி தெரிந்தது.

"பார், நீ செய்த வேலை."

"சேர், நாளைக்குப் பெரிய ஆக்கள் வருவாங்களே?" என்றான் ஜௌபர்.

"கொஞ்சம் உயத்தி மாட்டு. முகத்தை ஆர் பாக்கப் போகினம்? கூடையைத்தான் பாப்பினம்."

அவர் எறிந்த துணியைச் செவனம்மா குனிந்து எடுத்தாள். "இத நான் வச்சுக்கிறேங்கய்யா."

"கொண்டு போ. இந்தியாவுக்கே கொண்டு போ."

பசறை பஸ்ஸில் துணியை மடியில் விரித்து வைத்திருந்தாள். எந்தக் கறை நெற்றி, எந்தக் கறை கண் என்று பிடிபடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலெல்லாம் ஆவி படர்ந்தது.

"ஒண்ணுமே தெரியலியே, எறங்குற எடம் தாண்டிப் போயிரும் போல," என்ற பக்கத்து சீட்டுக்காரி, "குடுங்கக்கா," என்று கேட்ட கையோடு துணியை உருவி ஜன்னலை அழுத்தித் துடைத்தாள். செவனம்மா எட்டிப் பிடிப்பதற்குள் துடைத்து முடிந்திருந்தது.

கண்ணாடியில் குறுக்காகத் தவிட்டு நிறத்தில் ஓர் இழுப்பு. அதன் நுனியில் துளிச் சிவப்பு. அதற்குப் பின்னால் தேயிலை மலைகள் போய்க்கொண்டிருந்தன. எதிரே எங்கோ ஒரு ஜீப்பின் ஹோர்ன் கேட்டது. செவனம்மாவின் கை தன்னால் முந்தானை நுனியைப் பிடித்து, கண்ணாடி வரை போய், தொடாமல் நின்றது.