இடது ஓரத்து வளையம்

எனக்குப் பிறந்ததிலிருந்தே இடது கைதான் கை. வலது கை சும்மா துணைக்கு வந்தது. இதை எங்கள் அம்மா ஜெய்தூன் பீவி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பிரியாணிக் கடைக்காரர் மகள் இடது கையால் தட்டை நீட்டினால் திண்டுக்கல்லில் எவன் சாப்பிட வருவான் என்பாள். தட்டு என்றால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. நான் கதவைத் தாழிட்டாலும், கோழிக்கு அரிசி போட்டாலும், கரண்டிக் காம்பு என் மணிக்கட்டில் விழும்.

இந்தக் கையை முதன்முதலாக வேண்டும் என்று கேட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் இன்னாசியம்மாள்.

1963-ஆம் வருஷம் கொழும்பில் பல நாட்டுப் பள்ளிப் பெண்கள் கலந்துகொள்ளும் குழு உடற்பயிற்சிப் போட்டி நடப்பதாக இருந்தது. ஆறு பெண்கள், ஆறு பிரம்பு வளையங்கள். ஆர்மோனியத்துக்கு ஏற்ப வளையத்தை உருட்ட வேண்டும், அதற்குள் புகுந்து குதிக்க வேண்டும், எறிந்து பிடிக்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஆறு பேரும் வரிசையாக நிற்போம். வலது ஓரத்தில் நிற்கும் ஆனந்தமேரி வலது கையாலும், இடது ஓரத்தில் நிற்பவள் இடது கையாலும் ஒரே நேரத்தில் வளையத்தை உயரே எறிய வேண்டும். இரண்டு வளையங்களும் ஆகாயத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போகும்போது நாங்கள் இருவரும் கீழே இடம் மாறி ஓடி, மற்றவள் எறிந்ததைப் பிடிக்க வேண்டும். இடது கைக்காரி இல்லாவிட்டால் அந்த ஆட்டமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் இடது கைக்காரி நான் ஒருத்திதான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வீட்டுக்கே வந்து பேசினார். என்னைப் பெற்ற அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலமே கடையில் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார். அம்மா கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"கொழும்பு போற கைன்னா சரி. அதுக்காகக் கறி, வெஞ்சனக் கிண்ணத்தை அந்தக் கையில தொட்டுறாத."

ஆனால் போகப் போக அவளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "விடு, அது எறியுற கை" என்று அத்தாவிடம் அவள் சொன்னதை நானே காதால் கேட்டேன். அந்த ஒரு வருஷம் என் வீட்டில் நான் முழு மனுஷியாக இருந்தேன். கொழும்பு எனக்கு ஊர் இல்லை. என் கைக்குக் கிடைத்த மன்னிப்பு.

குழுவில் ஏழாவதாக ஒருத்தி இருந்தாள், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆட வேண்டியவள். அவள்தான் சுந்தரம்மாள். வடமதுரையில் பூ விவசாயம் செய்யும் பொன்னுத்துரை மகள். காலையில் பஸ்ஸில் வரும்போது எனக்கென்று ஒரு முழம் கனகாம்பரம் கொண்டுவருவாள். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து நான் எறிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மணிக்கட்டை எப்போது திருப்புகிறாய், கண் எங்கே பார்க்கிறது என்று கேட்பாள். அம்புட்டுப் பாசம் என்று பூரித்துப்போனேன். எனக்கு மூளை கொஞ்சம் கம்மிதான்.

ஆனியில் ஒருநாள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருவரும் சத்தியம் செய்துகொண்டோம். போனால் ரெண்டு பேரும், இல்லாவிட்டால் ரெண்டு பேரும் இல்லை. நான் பழக்கத்தில் இடது கையை நீட்டினேன். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"இடது கையில சத்தியம் பண்ணா பலிக்காதுடி. வலது கையக் கொடு."

கொடுத்தேன்.

ஏழு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. ஆடி மாதத்தில், செலவை ஏற்றுக்கொண்டவர்கள் ஆறு பேருக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழாவது ஆளான சுந்தரம் நின்றுபோனாள். குழாயடியில் அவள் அழுத அழுகையைப் பார்த்தால் கல்லும் கரைந்திருக்கும். நான் வெறும் மனுஷிதானே.

"நீ சொன்னாத்தான் டீச்சர் கேப்பாங்க, ஆரிபா. நான் இல்லாம நீ போகலைன்னு சொல்லிப் பாரேன். பயந்துக்கிட்டு என்னையும் சேத்துக்குவாங்க."

எனக்குத் தலைக்கு மேல் கர்வம். நான் இல்லாமல் கப்பல் நகராது என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"சுந்தரம் வரலைன்னா நானும் வரலை டீச்சர்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்."

அவர் திட்டவில்லை, கெஞ்சவில்லை. "சரி, போ" என்றார். ஆள் ஆடிப்போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவிடம் கேட்டுக்கொண்டு வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். சுந்தரத்திடம் விஷயத்தைச் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. அவள் வீட்டு வாசலில் அவளுடைய அம்மா பழனியம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா தாயி. ஒன்னோட சேந்து எம்மகளும் இடது கைக்காரி ஆயிட்டா, போ. பெருமாள் கோயில்ல தீர்த்தம் வாங்க இடது கைய நீட்டிப்புட்டா. பட்டர் எல்லாரு முன்னாலயும் வஞ்சுட்டாரு. எனக்கு மானமே போச்சு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், எப்போதிலிருந்து இப்படி என்று.

"அது ஆச்சு, சித்திரைக்கு முன்னாடியே. கெணத்து மேட்டுல வளையத்தை வச்சுக்கிட்டு இடது கையாலயே எறிஞ்சுக்கிட்டுக் கெடப்பா. டீச்சரம்மாகூட நேத்து வந்து பாத்துட்டு, இவளே போதும்னு சொல்லிட்டுப் போனாக."

சித்திரைக்கு முன்னால். அப்போது யாரையும் நிறுத்தவில்லை. ஆறு பேரா ஏழு பேரா என்ற பேச்சே எழவில்லை. எங்கள் சத்தியத்துக்கும் முன்னால். அந்த அம்மாள் பாவம், ஒன்றும் தெரியாமல் மோர் எடுத்துவர உள்ளே போனார்.

கிணற்றுப் பக்கமிருந்து சுந்தரம் வந்தாள். வளையம் இடது தோளில் தொங்கியது. என்னைக் கண்டதும் வலது தோளுக்கு மாற்றினாள். அந்த ஒரு மாற்றலில் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"என்னைய வச்சே என்னைய வெளிய தள்ளிட்டியேடி" என்றேன்.

"நான் எங்கடி தள்ளினேன்? நீதான போகலைன்னு சொன்ன."

"சொல்லச் சொன்னது யாரு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒனக்கு அத்தா இருக்காரு, கடை இருக்கு. நீ நெனச்சா எங்கயும் போவ. எனக்கு இந்தப் பூக்காட்டை விட்டா இது ஒண்ணுதான்."

"அப்ப சத்தியம்?"

"போடி" என்றாள், சின்னக் குரலில்.

மோர் குடிக்காமல் பஸ் ஏறினேன். வழி முழுக்க அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், வீட்டில் யாரும் மௌத்தா, இறந்துபோனார்களா என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை டீச்சரிடம் ஓடினேன். நான் வருகிறேன் டீச்சர், புத்தி இல்லாமல் சொல்லிவிட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பெயர்களைத் தந்தி அடித்தாயிற்று என்றார்.

"முறுக்கிக்கிட்டு நிக்கிறவளை நம்பி நான் ஒரு குழுவைக் கப்பல் ஏத்த முடியாதும்மா."

"அவ இடது கையில எறியுறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

அவர் மேஜை மேலிருந்த சாக்பீஸ் பெட்டியைத் திறந்தார், மூடினார். "தெரியும். ஒரே ஒரு ஆளை நம்பி இருக்கக் கூடாதுன்னு நான்தான் பழகச் சொன்னேன். ஒங்கிட்டச் சொன்னா நீ சண்டைக்கு வருவ." அது நிஜம்தான், வந்திருப்பேன். அதற்காக என்னைக் குருடியாகவே வைத்திருந்தார்களே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர்களை வழியனுப்ப ரயிலடியில் ஊரே திரண்டதாம். நான் போகவில்லை. அத்தா கடையில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றினார். அம்மா பேச்சை மாற்றவில்லை. மறுநாள் காலை நான் இடது கையால் சொம்பை எடுத்தபோது கரண்டிக் காம்பு விழுந்தது.

"கொழும்புமில்ல, ஒரு மண்ணுமில்ல. இனி எதுக்கு அந்தக் கை?"

கையை மடக்கிக்கொண்டேன். நாளாக நாளாக வலது கையே தானாக முன்னால் வரத் தொடங்கியது.

மூன்றாம் பரிசோடு திரும்பிவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாராட்டுக் கூட்டம். கடைசி ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டினார்கள். சுந்தரம் எறிந்தது என் எறிதல். மணிக்கட்டுத் திருப்பம், எறியும் முன் குதிகாலை எழுப்புவது, எல்லாம் என்னுடையது. ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரிய கொடுமை.

கூட்டம் முடிந்ததும் குழாயடியில் என்னைப் பிடித்தாள். கையில் ஒரு சிலோன் சோப்புக் கட்டி, பளபளக்கும் தாள் சுற்றியது.

"ஒனக்குத்தாண்டி வாங்கினேன்."

இடது கையால் நீட்டினாள். அவமதிக்க வேண்டும் என்று அல்ல. பழகிவிட்டாள், அவ்வளவுதான். அதைவிட மோசம், அதை வாங்க என் வலது கை நீண்டிருந்தது. இரண்டு கைகளையும் பார்த்தேன். என் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை இவள், என் கையையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

சோப்பை வாங்கினேன். இடது கைக்கு மாற்றினேன். குதிகாலை எழுப்பி, மணிக்கட்டைத் திருப்பி, எறிந்தேன். வேப்பமரத்தையும் மதில் சுவரையும் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. அதைப் பிடிக்க இரண்டு எட்டு ஓடிவிட்டு, சுந்தரம் சுவரைப் பார்த்து நின்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளோடு பேசியதில்லை.

வீட்டில் அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சொம்பை இடது கையால் நீட்டினேன். கரண்டிக் காம்பு மணிக்கட்டில் விழுந்தது, தண்ணீர் பாதி சிந்திற்று. உள்ளே போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தேன். மறுபடியும் இடது கையாலேயே நீட்டினேன்.