குவைத்தைப் பற்றி ஜானகிராமன் சொன்னது

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஜானகிராமனுக்கு ஸ்டோரில் வேலை. நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் அது எப்படி முடியும் என்று குவார்ட்டர்ஸ் வாசல் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். சண்டை இல்லாத நாட்களில் தில்லி அரசியல், விளையாட்டு, பங்குச் சந்தை. மனிதர் எதிலும் வஞ்சனை வைத்ததில்லை.

கடையில் அவருக்கு ஏக மரியாதை. தலை தெரிந்ததும் பெஞ்சில் இடம் விடுவார்கள். பேப்பர் முதலில் அவர் கைக்குத்தான் வரும். அண்ணனூரிலிருந்து பால் கொண்டுவரும் வேம்புலி, "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு இன்னா சொல்றே?" என்று ஆரம்பித்து வைப்பார். ஃபிட்டர் ஜேம்ஸ் வாயே திறக்காமல் கேட்டுக்கொள்வார். தொண்ணூறாம் வருஷம் ஜூன் மாதம் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கிய அன்று, "அர்ஜென்டினாவைக் கேமரூன் அடிக்கிறதா? நடக்கிற கதையைப் பேசுங்கப்பா" என்று ஜானகிராமன் சிரித்தார். கேமரூன் அடித்துவிட்டது. மறுநாள் வேம்புலி அவருக்கு இரண்டு மசால் வடை வாங்கிக் கொடுத்தார். தப்பாகச் சொன்னவனுக்கு எதற்கு வடை என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? குருதட்சிணை என்று வாங்கித் தின்றார்.

சிமெண்ட் பங்கு ஒன்றைக் குப்பை என்றார். ஜேம்ஸ் ஸ்கூட்டர் வாங்கினார். லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் நம் கேப்டன் டாஸ் ஜெயித்துப் பந்து வீசப் போனதை ராஜதந்திரம் என்றார்; இங்கிலாந்து அறுநூறைத் தாண்டியது. "இராக்காரன் குவைத் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டான்" என்றார். ஆகஸ்டு பிறந்த கையோடு இராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்துவிட்டது.

மற்றதெல்லாம் டீக்கடையோடு போயிற்று. இது வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவி வனஜாவின் தம்பி தங்கவேல் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வந்த பையன் ஜூலையில் திரும்பிப் போகத் தயங்கினான். "மெட்ராஸைவிடப் பத்திரமான ஊர்டா அது" என்று அவனைச் சென்ட்ரலுக்குக் கூட்டிப் போய், பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டவர் ஜானகிராமன்தான். சண்டை வந்தபின் அவனிடமிருந்து போன் இல்லை, தந்தி இல்லை.

வனஜா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஜானகிராமன் தினமும் அட்லஸை விரித்து வைத்து, "தங்கவேல் பத்திரமா வந்துடுவான். நான் சொல்றேன் பார்" என்று தைரியம் சொன்னார். அவர் தைரியம் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடிக்கொண்டே போயிற்று. பெண்களுக்கு உலக விவகாரம் புரியாது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவர் அட்லஸை எடுத்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வந்துடுவான்னு மட்டும் சொல்லாதீங்க."

"வேற என்ன சொல்லணும்?"

"வர மாட்டான்னு சொல்லுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"வேம்புலி சம்சாரம் எல்லம்மா குழாயடியில எல்லாத்தையும் சொல்லிட்டா. நீங்க சொன்னதுக்கு நேர்மாறாப் பந்தயம் கட்டித்தான் அவங்க எருமை வாங்கினாங்களாம். அதுக்குப் பேரே கேமரூனாம். ஜேம்ஸ் ஸ்கூட்டரும் அப்படி வந்ததுதான். ஊருக்கே தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியலை."

ஜானகிராமனுக்கு முகம் செத்துவிட்டது. தின்ற வடையெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. அவள் விடவில்லை.

"இங்க சொன்னாப் போதாது. கடையில நாலு பேர் முன்னாடி, எப்பவும் போலக் காரணத்தோட சொல்லணும்."

"என் மானம் போயிடும் வனஜா."

"என் தம்பி போயிடுவானே."

அவர் அட்லஸை மூடி வைத்தார்.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. வேம்புலியே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணாத்தே, மச்சான் சேதி எதுனா கீதா? வந்துடுவாரா?"

பழக்கதோஷம், ஜானகிராமனின் விரல் தானாக உயர்ந்தது.

"வர மாட்டான்" என்றார். "ரோடு முழுக்க ராணுவம். விமானம் கிடையாது. பஸ்ஸில வரலாம்னா பாலைவனம். ஆகஸ்டு வெயில், குடிக்கத் தண்ணி கிடைக்காது. கையில பாஸ்போர்ட் இருக்கோ இல்லையோ. இருபத்தஞ்சு வயசுப் பையன், தனியா..."

வழக்கமான தோரணைக்காகத்தான் அடுக்க ஆரம்பித்தார். ஆனால் சொல்லச் சொல்ல ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே பட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசியதில் ஒழுங்கான பேச்சு இது ஒன்றுதான். இது மட்டும் பலித்துவிட்டால்?

"அப்பாடா!" என்றார் ஜேம்ஸ். கடை முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. டீ மாஸ்டர் கேட்காமலே ஸ்பெஷல் டீ ஒன்று போட்டு நீட்டினார்.

"போய் வூட்டம்மாவைத் துன்னச் சொல்லு, அண்ணாத்தே" என்று வேம்புலி அவர் தோளில் தட்டினார். "மச்சான் வந்துகினே கீறாரு."

ஜானகிராமன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"வேம்புலி, நான் சொல்றது தப்பாத்தானே போகும்? எப்பவாவது, ஒரே ஒரு தடவையாவது, நான் சரியாச் சொல்லியிருக்கேனா?"

"அய்ய, ஒரு தபாகூடக் கெடையாது அண்ணாத்தே."

"அவசரப்படாதே" என்று கெஞ்சினார் ஜானகிராமன். "நல்லா யோசிச்சுச் சொல்லு."