அம்மணி பேரில் குத்தகை

1957-இல் தேவசகாயம் இறந்தான். அவன் பயிரிட்டு வந்த கிளியனூர் நிலத்தின் குத்தகையைத் தன் பேருக்கு மாற்றித் தரும்படி அவன் மனைவி அம்மணி கேட்டாள். நிலத்துக்காரர் சுப்பராயலு மறுத்துவிட்டார். அம்மணி திண்டிவனத்துக்கு நடந்தே போய் வருவாய் அதிகாரியிடம் மனு கொடுத்தாள்.

விசாரணையன்று அதிகாரி சுப்பராயலுவிடம் சொன்னார்: "சட்டப்படி, வாரிசு நிலத்துல இறங்கித் தானே பாடுபடலேன்னாதான் நீங்க மறுக்கலாம்."

"ஏர் பிடிக்கத் தெரியாத பொம்பளைங்க இது" என்றார் சுப்பராயலு.

அம்மணிக்குச் சுருக்கென்றது. புருஷன் ஒரு வருஷம் பாயில் கிடந்தபோது உழுதது அவள்தான். அந்த ஒரு வருஷமும் சுப்பராயலு நிலத்துப் பக்கம் வந்ததேயில்லை.

"வாயால சொல்ல மாட்டேங்க. நிலத்துக்கு வந்து பாருங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். ஊரே வரப்பில் கூடி நின்றது. அம்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடுகளைப் பூட்டி ஏரைப் பிடித்தாள். நிலக்கடலை விதைக்கவிருந்த மல்லாட்டைக் கொல்லையில் உழவுச் சால் கோணாமல் ஓடியது. மறுகோடியில் அவள் ஒரு குரல் கொடுத்ததும் மாடுகள் தாமாகத் திரும்பின.

சுப்பராயலு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்மாம் நல்லா உழுவாள்னு எனக்குத் தெரியாதுங்க. மாத்திக் குடுத்துடுங்க" என்றார்.

அதிகாரி, 'தேவசகாயம் மனைவி' என்று எழுதத் தொடங்கினார்.

"முதல்ல என் பேர எழுதுங்க, ஐயா. உழுதுக்கினு இருக்கிறது நானு" என்றாள் அம்மணி.

அவர் அதை அடித்துவிட்டு, 'அம்மணி' என்று எழுதினார். அவள் தலைநிமிர்ந்து மீதிக் கொல்லையை உழப் போனாள்.