கல்தொட்டிச் சாவி

"சாவியைத் தர மாட்டேன் சார்" என்று அஞ்சலாட்சி சொன்னபோது மணி பத்து. பதினொன்றரைக்கு அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். சூப்பர்வைசர் இளம்பரிதிக்கு வியர்த்துக் கொட்டியது.

ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி இருக்கும் அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் ஆறு வருடமாக ஆப்பரேட்டர். அங்கே இரண்டு கல்தொட்டிகள். ஆளுயரத்துக்குக் கருங்கல் ஜல்லி நிரப்பிய வட்டத் தொட்டிகள். நடுத்தூணிலிருந்து நீளும் நான்கு இரும்புக் கைகள், தங்கள் ஓட்டைகள் பீய்ச்சும் தண்ணீரின் விசையிலேயே சுற்றிச் சுற்றிக் கழிவுநீரைக் கல்மேல் தெளிக்கும். கல்லில் வழவழவென்று படர்ந்திருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும்.

அன்று முதல் தொட்டியின் ஓட்டைகளில் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. தலைமுடியும் பிளாஸ்டிக்கும் சிக்கி, கைகள் நொண்டிக்கொண்டு சுற்றின.

"மெதுவாத்தானேக்கா சுத்துது? ரெண்டு பேரு கையைப் புடிச்சுக்கிட்டா பாவாடை அண்ணன் கம்பியை வுட்டுக் குத்தி எடுத்துடுவாரு. வால்வை மூடி, பூட்டு போட்டு, சங்கிலி கட்டி... இன்னாத்துக்கு இவ்ளோ?"

"புடிச்சா நிக்காது சார்."

இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். அடைப்பு விலகியதும் இரும்புக் கை அவள் பிடியைப் பிடுங்கிக்கொண்டு போய், கம்பியால் குத்திக்கொண்டிருந்த தொழிலாளி பாவாடையின் முதுகில் அறைந்தது. அவர் கல்மேல் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. நாலு மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தவர் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை வாட்டியது. அதற்குப் பிறகுதான் அவள் விடாமல் கேட்டுக் கேட்டு, தொட்டி ஏணிக்குப் பூட்டுள்ள கதவும் வால்வுக்குப் பூட்டும் கைக்குச் சங்கிலியும் வாங்க வைத்தாள். ஏணிக் கதவின் சாவி அன்றிலிருந்து அவளிடம்தான்.

"மேல எழுதிப் போட்டேன்னா உன் வேலை போயிடும்க்கா, தெரியுமில்ல?"

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். "எழுதிக்குங்க சார். சாவி வராது."

பாவாடை கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "அஞ்சலா சொல்றபடி கட்டுனாதான் நானும் ஏறுவேன்" என்றார். பக்கத்தில் நின்ற உதவியாள் தாமரைச்செல்வியும் நகராமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

இளம்பரிதி மூவரையும் பார்த்தான். "சரி, சீக்கிரம் ஆவட்டும்" என்றான்.

இரண்டாம் தொட்டி ஓட வேண்டுமென்பதால் பம்பை நிறுத்த முடியாது. அஞ்சலாட்சி முதல் தொட்டியின் வால்வை மூடி, பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையை மாட்டினாள். கைகள் தாமாக நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகுதான் ஏணிக் கதவைத் திறந்தாள். சுவர் வளையத்தோடு கையைச் சங்கிலியால் இறுக்கிக் கட்டி, வழுக்கும் கல்மேல் பலகை போட்டாள்.

பாவாடையும் தாமரைச்செல்வியும் ஏறிப் பாதி வேலையை முடித்திருந்தார்கள். அவசரம் தாங்காமல் இளம்பரிதியும் மேலே ஏறி, கைக்கு முன்னால் குனிந்து ஓர் ஓட்டையை நோண்டிக்கொண்டிருந்தான். அப்போது பம்ப் அறையில் இரண்டாவது மோட்டாரும் உறுமியது. தண்ணீர் மட்டம் ஏறினால் தானாக ஓடும் மோட்டார் அது. அழுத்தம் தாங்காமல் பழைய வால்வு கசிந்தது. சுத்தமான ஓட்டைகளில் தண்ணீர் பீறிட்டது. இரும்புக் கை ஒரு குலுக்குக் குலுக்கி அவனை நோக்கிப் பாய்ந்தது.

சங்கிலி 'நறுக்'கென்று விறைத்தது. கை அவன் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"எல்லாரும் எறங்குங்க!" அஞ்சலாட்சியின் குரலுக்கு மூவரும் இறங்கினார்கள், இளம்பரிதி கடைசியாக. அவனே ஓடிப்போய் அந்த மோட்டாரை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். கசிவு நின்று, கை அசையாததைப் பார்த்த பிறகே அவள் மறுபடி ஏறவிட்டாள்.

அதிகாரி ஜெயசித்ரா வந்தபோது இன்னும் ஆறு ஓட்டைகள் மிச்சம்.

"ஏன் முடியலை?" என்று கேட்டார்.

அஞ்சலாட்சி வாயைத் திறப்பதற்குள் இளம்பரிதி முந்திக்கொண்டான். "தப்பு எம்மேலதான் மேடம். இவங்க பேச்சை முதல்லயே கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கேக்காமயே போயிருந்தா நான் இப்ப ஆஸ்பத்திரியில இருந்திருப்பேன்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

ஜெயசித்ரா சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இது யாரு யோசனை?"

"என்னோடதுங்க" என்றாள் அஞ்சலாட்சி.

"மிச்சத்தையும் இதே மாதிரியே முடிங்க. நான் இருந்து பாக்குறேன்."

பன்னிரண்டே காலுக்கு அஞ்சலாட்சி தலைகளை எண்ணினாள். எல்லாரும் கீழே. சங்கிலி அவிழ்ந்தது, ஏணிக் கதவு மூடியது, வால்வு மெல்லத் திறந்தது. கைகள் ஒரு கணம் தயங்கி, பிறகு சீராகச் சுழன்று, ஓர் ஓட்டை பாக்கியில்லாமல் தண்ணீரை விசிறின. வெயிலில் தொட்டி முழுக்கப் பளபளத்தது. தாமரைச்செல்வி விசிலடித்தாள். பாவாடை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்.

"அடுத்த தொட்டிக்கும் சங்கிலி வாங்கிடலாம்க்கா. அந்த வால்வையும் மாத்திடலாம்" என்றான் இளம்பரிதி. "நாளைக்கே எழுதிடுறேன்."

"இன்னிக்கே எழுதுங்க சார்" என்று சொல்லி, அஞ்சலாட்சி வாய்விட்டுச் சிரித்தாள்.