இரண்டு பேர் பாரம்

சிதம்பரநாதனுக்கு அன்று காலையிலிருந்தே மூக்கின் மேல் கோபம். யார் மேல் என்று கேட்டால் மழை மேல் என்பார். ஐப்பசி மழை நான்கு நாளாக விட்டு விட்டுக் கொட்டுகிறது, சுரக்குடி வரப்பெல்லாம் களியாகக் கிடக்கிறது, மனுஷன் கால் வைக்க முடிகிறதா என்பார். உண்மை அதுவல்ல. இந்த மழைக்கு மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டப்போவதில்லை, அவர் மனைவி சந்திரலேகா ஓட்டப்போகிறாள். வண்டியைச் சேற்றுக்குத் தோதாக முடுக்கிக் கொடுக்கும் வேலை மட்டும் அவர் தலையில் விழுந்திருந்தது.

சந்திரலேகா கால்நடைத் துறையில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். கோடையில் அவளுக்கு ஸ்கூட்டர் போதும். மழை மூன்று மாதமும் ஸ்கூட்டர் வாய்க்கால் கரையில் பத்தடி போவதற்குள் சக்கரம் புதைந்து உட்கார்ந்துவிடும். அப்போதெல்லாம் சிதம்பரநாதன்தான் டிரைவர். ஊசி மருந்தை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவள் பின்னால், இவர் முன்னால். தொண்ணூற்று ஐந்தில் கல்யாணம் ஆன முதல் மழையிலிருந்து இதுதான் வழக்கம். ஊரில் இவருக்கு ‘டாக்டரம்மா டிரைவர்’ என்றே பெயர். நாலு வேலி நிலம் பார்க்கிறவனை டிரைவர் என்கிறார்களே என்று டீக்கடையில் சலித்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மாசியில் ஒருநாள் காபி டம்ளர் அவர் இடக்கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. ரத்தக்கொதிப்பில் வந்த பக்கவாதம் என்றார்கள், பத்து நாள் ஆஸ்பத்திரி. கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது. இடக்கையில் மூன்று விரல் மட்டும் மடங்க மாட்டேன் என்றுவிட்டன. கிளட்ச் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு சேற்றில் யார் வண்டி ஓட்டுவது?

வருகிற தை மாதம் சந்திரலேகாவுக்கு ஓய்வு. கடைசி மூன்று மாதம் ஆபீஸிலேயே உட்காருங்கள் என்று மேலே சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

“கடைசி மழைய நாற்காலியில உக்காந்து கழிக்கவா முப்பது வருஷம் சேத்துல உழண்டேன்? நானே ஓட்டிக்கிறேன்,” என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஆவணி முழுக்கப் பக்கத்து வீட்டு அன்னபூரணியைக் காவலுக்கு நிறுத்திக்கொண்டு நெல் காயவைக்கும் களத்தில் சுற்றிச் சுற்றிப் பழகினாள். சிதம்பரநாதன் வெளியே வந்து பார்க்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது கியர் மாற்றுகிறாள், எப்போது அணைத்துவிடுகிறாள் என்று ஒன்று விடாமல் தெரிந்தது. இரண்டாவது வாரத்தில் எஞ்சின் அணையவே இல்லை. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடைசி மழைக்கு என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்றுதான் தோன்றியது.

வண்டி அல்பேர் கொடுத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய காரைக்கால்காரர். வருஷா வருஷம் லீவுக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று வாங்கிப்போட்டிருந்தார். மேடு பள்ளத்துக்கென்றே செய்த வண்டி, உயரமான இருக்கை, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிள்ளைகளோடு பிரான்சிலேயே இருந்துவிடுவது என்று முடிவானதும் சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கூடவே காற்று அளக்கும் கருவி ஒன்று. அது பவுண்டு காட்டாது, ‘பார்’ கணக்குக் காட்டும். காரைக்காலில் பஞ்சர் கடைக்காரருக்கே புரியாத அந்தக் கணக்கு சிதம்பரநாதனுக்கு மனப்பாடம்.

அன்று காலை முதலில் முன்பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி அதைவிட ஒரு பல் குறைந்ததைப் போட்டார். வேகம் குறையும், இழுவை கூடும். செயினைக் கொஞ்சம் தளர்வாக விட்டார். எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க ஸ்லோ ஸ்பீடைத் துளி ஏற்றினார். கிளட்ச் லீவரைக் கீழே இறக்கி, அவள் விரலுக்கு எட்டும்படி உள்ளே தள்ளினார். அதற்குத்தான் நேரம் பிடித்தது. அந்த லீவர் அவர் கைக்கென்று இருந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து வளையமாகத் தெரிந்தது. போல்ட்டை அவர் வலக்கையால் திருக, மறுபக்கம் நட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப இறக்காதீங்க. நான் என்ன குள்ளச்சியா?”

“உன் கை எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும். வளையல் வாங்குனப்பல்லாம் அளவு தப்பாத்தான் வாங்கிட்டு வந்தீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கிறோம் என்பது நினைவு வந்து அடக்கிக்கொண்டார்.

“சேத்துல எங்க கியர் மாத்தணும்னு தெரியுமா? களத்துல ஓட்டுறது மாதிரி இல்ல.”

“நீங்க கியர் போட்டா உங்க இடது முட்டி லேசா ஏறும். கரை திரும்புற இடத்துல ரெண்டு, மதகு தாண்டுறப்ப ஒண்ணு, அப்புறம் அக்கரைத் தெரு வரைக்கும் மறுபடி ரெண்டு. முப்பது வருஷமா அந்த முட்டியத்தானே பாத்துக்கிட்டு வரேன்.”

சிதம்பரநாதன் குனிந்து சக்கரத்தில் காற்றை இறக்கினார். பின்னால் ஒன்று புள்ளி இரண்டு, முன்னால் அதைவிடக் கொஞ்சம் கூட. பிறகு இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை ஸ்பேனரால் வழக்கமான இடத்துக்கு முறுக்கினார். மழைக்கு மழை செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வார், அன்றும் அப்படித்தான் செய்தார்.

ஒன்பது மணிக்கு போன். வாய்க்காலுக்கு அப்பால் அக்கரைத் தெருவில் இருக்கும் எழில்மதி.

“அக்கா, செவலை மாடு நேத்து சாயங்காலத்துலேர்ந்து கத்துது. ரெண்டு தடவ சினை தவறிப்போச்சு. இதுவும் தவறுனா மாட்ட வித்துடணும்னு எங்க வீட்ல நிக்கிறாங்க. பால்குடி மறக்காத பிள்ளைய விக்கிற மாதிரி இருக்குக்கா.”

“மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன், கட்டி வையி,” என்றாள் சந்திரலேகா.

பழைய டியூப்பைக் கிழித்த ரப்பரால் கேனைப் பின்சீட்டில் இறுக்கிக் கட்டினாள். சேலையை விட்டு சுடிதாருக்கு மாறியிருந்தாள். ஏறி உட்கார்ந்து, போய்ட்டு வரேங்க என்றாள். அவர் தலையை ஆட்டினார். மழை தூறலாக இருந்தது. வண்டி தெரு முனை திரும்பியது.

அவர் அங்கேயே நின்று சத்தத்தைக் கேட்டார். தார் ரோடு முடிந்தது. கரை ஏறுகிறாள், ரெண்டு. நன்றாகத்தான் போட்டாள். பிறகு எஞ்சின் ஒரு தரம் உறுமி நின்றது. மறுபடி கிளம்பவில்லை.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கரையில் நூறடி தள்ளி வண்டி சாய்ந்து கிடந்தது. சந்திரலேகா இடுப்பு வரை சேறாக எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கேன் அவள் கையில்.

“அடி பட்டுச்சா?”

“கேன் நனையல,” என்றாள்.

கல்யாணமான முதல் மழையில் பழைய ராஜ்தூத் வண்டியில் இதே கரையில் அவளை அவர் வாய்க்காலுக்குள் தள்ளியிருக்கிறார். கழுத்தளவு தண்ணீரில் கேனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அன்றைக்கும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். புதுப்பெண் கத்தப்போகிறாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று அழப்போகிறாள் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். கேன் நனையல என்றாள். அன்றைக்கு அவருக்கு அவள் மேல் வந்த ஆசை இன்னும் போகவில்லை.

“என்னாச்சு?”

“வழுக்குச்சு, கால ஊணலாம்னு பாத்தேன். கால் எட்டல. களத்துல எட்டுச்சே, இன்னிக்கு ஏன் எட்டல? பின்னால வேற தூக்கித் தூக்கிப் போடுது.”

இருவருமாக வண்டியை நிமிர்த்தினார்கள். சிதம்பரநாதன் இருக்கையை வலக்கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஸ்பிரிங் வளையத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கு முகம் செத்துவிட்டது.

முறுக்கியிருந்தது இரண்டு பேர் பாரத்துக்கு. இரண்டு பேர் உட்கார்ந்தால் இறங்கி நிற்கும், ஒருத்தி உட்கார்ந்தால் வண்டி விறைத்து உயர்ந்து நிற்கும். காற்றும் இரண்டு பேர் கணக்குக்குத்தான். இந்தச் சேற்றில் ஒற்றை ஆள் போய் அவருக்குப் பழக்கமே இல்லை. லீவரை அவள் கைக்கு மாற்றியவர், பல்சக்கரத்தை அவளுக்காக மாற்றியவர், இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

“ரெண்டு பேருக்கு வச்சிட்டேன் லேகா,” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

அந்த நிமிஷத்தில் அவர் நினைத்திருந்தால் நானும் ஏறிக்கொள்கிறேன் என்றிருக்கலாம். வாய்வரை வந்தது. ஏறிக்கொண்டால் வண்டி சரியாகிவிடும். ஆனால் அவள் தனியாகப் போக முடியாமல்தான் இவர் ஏறினார் என்று ஆகிவிடும். அவளுக்கும் கடைசிவரை அப்படித்தான் இருக்கும். ஸ்பேனர் வழக்கம்போல் அவர் பாக்கெட்டில் இருந்தது. சேற்றில் உட்கார்ந்தார்.

“வளையத்த நாலு பல் தளத்துனா கால் எட்டிடும். நீ இருக்கைய அமுத்திக்க.”

ஒற்றைக் கையால் நான்கு பல்லும் தளர்த்தினார். ஒவ்வொரு பல்லும் டக் டக்கென்று இறங்கியது. அதே பாக்கெட்டில் கிடந்த அல்பேரின் கருவியை எடுத்துப் பின்சக்கரத்தில் ஒன்று என்று காட்டும்வரை காற்றை விட்டார். கேனை அவளே கட்டினாள். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு காலும் தரையில் பதிந்தன.

“போ. எழில்மதி காத்துக்கிட்டு இருக்கும்.”

போனாள். மதகு தாண்டும்போது ஒன்று, அப்புறம் ரெண்டு. சத்தம் அக்கரைத் தெரு வரைக்கும் அறுபடாமல் கேட்டது. கரை மேல் தனியாக நின்று அதைக் கேட்டபோது சிதம்பரநாதனுக்குப் பெருமையும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாருமில்லை என்பதால் கொஞ்சம் அழுதார். பிறகு சேற்றைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். செவலைக்கு ஊசி போட்டாயிற்று, எழில்மதி வெல்லம் போட்டு டீ கொடுத்தது, வரும்போது ஒரு இடத்திலும் விழவில்லை என்று நின்ற இடத்தில் நின்றே ஒப்பித்தாள். கன்னத்தில் சேறு காய்ந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டார். சாப்பிட்டார்கள். ராத்திரி அவர் சீக்கிரமே படுத்துவிட்டார்.

மறுநாள் காலை பூவம் பக்கத்திலிருந்து ஒரு போன். அங்கேயும் வாய்க்கால் கரைதான். வண்டியைத் துடைத்து வைக்கலாம் என்று போனவர் ஸ்பிரிங் வளையத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அந்த இடத்தில் மட்டும் சேறு துடைத்திருந்தது. வளையம் நான்கு பல் மேலே ஏறியிருந்தது. சக்கரத்தை அழுத்தினார், காற்று ஏற்றியிருந்தது. அளந்து பார்த்தார், ஒன்று புள்ளி இரண்டு.

“இத யாரு முறுக்குனது?”

“நான்தான்.” கேனை எடுத்துக்கொண்டு வந்தாள் சந்திரலேகா.

“தனியாதான் நல்லா போறியே. அப்புறம் என்னா?”

“நல்லா போறேன். அது எனக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு. அதான் யார வேணா பின்னால ஏத்திக்கலாம்னு வச்சிட்டேன். கேன் கட்டுன எடத்துல ரப்பர் வழுக்குது, யாராச்சும் மடியில வச்சிக்கிட்டா தேவலை. வேற ஆள் கெடச்சா சொல்லுங்க.”

வேற ஆளுக்கு எங்கே போவது? சிதம்பரநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். பாரம் ஏறியதும் வண்டி இதமாக இறங்கி நின்றது, அவள் கால் இரண்டும் தரையில் பட்டன. கேனை மடியில் வைத்து வலக்கையால் அணைத்தார், மடங்காத இடக்கையை அதற்கு மேல் போட்டார். கால் வைக்கும் கட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தேடினார். முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

தார் ரோடு முடிந்தது. கரை ஏறினாள். எதிரே அவள் முதுகும் ஈரப் பின்னலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதைத்தானே இவளும் இத்தனை மழையும் பார்த்துக்கொண்டு வந்தாள் என்று நினைத்துக்கொண்டார். கரை திரும்பியது. அவர் இடது கால் விரல் தானாகக் கட்டையின் மேல் அழுந்தியது, முட்டி ஏறி அவள் தொடையில் இடித்தது.

“அங்க கியர் இல்லைங்க,” என்றாள் சந்திரலேகா, திரும்பாமலே. “கால சும்மா வைங்க.”

வைத்தார்.