சாம்பல் பட்டில் இரண்டு துளைகள்

இளவரசியின் ஆடைப் புத்தகத்தில் எழுத்து கிடையாது. பக்கத்துக்கு ஆறு துணித் துண்டுகள், கட்டைவிரல் அகலத்தில், சிவப்பு அரக்கால் ஒட்டியவை. எங்கள் அலமாரிகளில் இருந்த ஒவ்வோர் உடைக்கும் ஒரு துண்டு. காலையில் அவர் கண் விழித்ததும் புத்தகம் படுக்கைக்குப் போகும். மூன்று துண்டுகளில் மூன்று குண்டூசி குத்துவார். முதலாவது சபைக்கான பெரிய உடை. இரண்டாவது பிற்பகலுக்கு. மூன்றாவது இரவு விருந்துக்கு. பிறகு புத்தகம் உடையறைக்கு வரும். ஊசி இருக்கும் உடையை நாங்கள் எடுத்துக் கொடுப்போம். நான் அங்கே பணிப்பெண்ணாக இருந்த ஆறு வருடத்தில் உடையைப் பற்றி இளவரசி வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. ஊசிதான் அவருடைய சொல்.

இரவில் ஊசிகளை உருவி எடுப்பது என் வேலை. உருவலாம், குத்தக்கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோயிலில் பாதிரியாரின் இடத்தில் போய் நிற்கக்கூடாது என்று யாராவது சொல்லவா வேண்டும்?

போர்ச்சுகல் தூதர் வரவிருந்த திங்கட்கிழமை புத்தகம் வரத் தாமதமானது. அதைக் கொண்டுவருபவர் அன்செல்ம். அரண்மனைக் கதவுகளை யாரும் தட்டுவதில்லை, சுண்டுவிரல் நகத்தால் சுரண்டுவோம். அன்செல்ம் அன்று உள்ளங்கையால் கதவை அடித்தார். திறந்தபோது அவர் முழங்கால் இரண்டிலும் தூசி.

புத்தகத்தைத் திறந்து காட்டினார். இரண்டு ஊசிகள் இருந்தன. பெரிய உடைகளின் பக்கத்தில் எதுவும் இல்லை.

"படிக்கட்டுல ஒரே கூட்டம்மா. தூதரைப் பாக்க ஊரே வந்து நிக்குது. எவனோ ஒருத்தன் வாள் இடிச்சு புத்தகம் விரிஞ்சுபோச்சு. கீழ விழல. விரிஞ்சுது, அவ்வளவுதான்."

"தேடுனீங்களா?"

"மண்டி போட்டுத் தேடுனேன். ஒரு சீமாட்டி என் கை மேலயே ஏறி நின்னுட்டு, தரை மேடா இருக்குன்னு சொன்னா. ஊசி எந்தச் செருப்புல குத்திக்கிட்டு எங்க போச்சோ."

ஈஸ்டருக்கு அவர் காலணிக் கூடையைக் கவிழ்த்திருந்தார். கோடையில் ஒருநாள் தாமதமாக வந்திருந்தார். மூன்றாவது தவறு நடந்தால் கூரைக்கடியில் இருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உடையறைத் தலைவி மதாம் கிராவேல் எல்லார் முன்னும் சொல்லியிருந்தாள். அந்த அறையில் அவர் மனைவி இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தாள்.

இளவரசியிடம் திரும்பக் கேட்க முடியாது. கேட்டால், நீங்கள் சொன்னதைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்வதாகும். கேட்பதற்கும் வழி மதாம் கிராவேல்தான். வரும்போதே இரண்டு ஊசிதான் இருந்தது என்று சொல்லிவிடலாமா என்று அன்செல்ம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டார். அப்படிச் சொன்னால் தூதர் வரும் நாளில் இளவரசி மறந்துவிட்டார் என்று ஆகும். அது அன்செல்மின் தவறைவிடப் பெரிய தவறு.

மதாம் வரக் கால் மணி நேரம் இருந்தது. நான் புத்தகத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போய், பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.

பக்கங்களும் பட்டுதான். சனிக்கிழமைதோறும் அவற்றை ஈரத்துணி போட்டு அழுத்துவோம். பட்டு இழைகள் நெருங்கிப் பழைய துளைகள் மூடிக்கொள்ளும். ஆகவே திறந்திருக்கும் துளைகள் ஞாயிறும் திங்களும் குத்தியவை மட்டுமே. பச்சைத் துண்டில் இரண்டு துளைகள். அது நேற்றைய உடை. அதைத் தவிர இரண்டு துண்டுகளில் வெளிச்சம் வந்தது. தங்க இழை பின்னிய ரோஜா நிறத் துண்டில் ஒரு துளை. சாம்பல் பட்டில் இரண்டு.

ரோஜா உடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதை அணிந்த நாட்களின் இரவில் இளவரசியின் இடுப்பில் சிவந்த கோடுகள் இருக்கும். சாம்பல் உடையை நான் ஒருத்தியே தூக்குவேன்.

யோசித்தேன். நிலையாகக் குத்திய ஊசி துணிக்குள் போய் மறுபடி வெளியே வரும். அதற்கு இரண்டு துளைகள். மனம் மாறி உடனே எடுத்த ஊசிக்கு ஒன்று. அப்படியானால் இளவரசி முதலில் ரோஜாவைத் தொட்டிருக்கிறார், பிறகு சாம்பலில் நின்றிருக்கிறார்.

மதாமிடம் கேட்டால் ரோஜா என்றுதான் சொல்வாள். தூதர் வரும் நாளில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் துளைகளைப் பற்றிச் சொன்னால் அன்செல்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மேலாடையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தேன். அரண்மனையில் எல்லாருடைய ஊசியும் ஒன்றுதான். அன்செல்ம் என் கையைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஊசியைச் சாம்பல் பட்டின் இரண்டு துளைகள் வழியே செருகினேன்.

மதாம் வந்து பார்த்தாள். பக்கத்தைத் திருப்பி மறுபடி திருப்பினாள். இன்றைக்கா இந்த உடை, இளவரசிக்கு உடம்பு சரியில்லையா என்று முணுமுணுத்தாள். ஆனால் ஊசி இருந்தது. அதற்கு மேல் அவளால் பேச முடியாது.

உடையைக் கூடையில் வைத்துப் பச்சைத் துணியால் மூடினோம். இரண்டு ஆட்கள் தூக்கினார்கள். நான் சரிகைப் பெட்டியோடு பின்னால் நடந்தேன். மண்டபத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. துணிக்கடியில் தங்கம் இருப்பதாக எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

முன்னறையில் காக்க வைத்தார்கள். அங்கே சுவர் முழுக்க வேட்டைக் காட்சி நெய்த திரை. ஓடும் நாய்களில் ஒன்றின் கண்ணில் தையல் விட்டிருந்தது. நூல் முனை சும்மா துணியில் செருகி நின்றது. யாரோ கடந்து போன காற்றில் அது வெளியே வந்து தொங்கியது. பக்கத்துத் தையல்கள் அசையவில்லை. அவை உள்ளே போய் வெளியே வந்தவை.

நிலையாகக் குத்திய ஊசி, புத்தகம் விரிந்ததற்காகவா விழும்? மற்ற இரண்டு ஊசிகள் விழவில்லையே. விழுந்தது, லேசாக ஒரு துளையில் நின்ற ஊசி. ரோஜாவில் நின்ற ஊசி. இளவரசி முதலில் சாம்பலில் அழுத்திக் குத்தியிருக்கிறார். தூதர் நினைவு வந்திருக்கும். அதை உருவி, மனமில்லாமல், ரோஜாவில் நுனியை மட்டும் வைத்திருக்கிறார். நான் அவர் கைவிட்ட சொல்லை எடுத்து, அவர் சொல் என்று அனுப்பிவிட்டேன்.

கதவு திறந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இரட்டைக் கதவில் ஒன்றைத்தான் திறப்பார்கள். கூடையைச் சாய்த்து உள்ளே கொண்டுபோனார்கள்.

இளவரசி வெள்ளை உள்ளாடையில் நின்றார். பதவி வரிசைப்படி பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். மதாம் துணியை விலக்கினாள். இளவரசி கூடையைப் பார்த்தார். நான் கேட்டது இதுவல்ல என்று அவர் சொன்னால் போதும். மதியத்துக்குள் அன்செல்ம் மனைவியைப் படுக்கையோடு இறக்க வேண்டியிருக்கும். என் பெட்டியும் வாசலில் இருக்கும்.

அவர் கண்கள் எங்கள் முகங்கள் மேல் ஒவ்வொன்றாக வந்தன. என் முகத்துக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்தேன். காது சுட்டது. குனிந்திருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது.

"ஊசி சரியா அழுந்தலையோன்னு பாத்தேன்," என்றார் இளவரசி. "பரவாயில்ல. இதையே போடுங்க."

மதாமுக்குப் பொறுக்கவில்லை. தூதர் என்ன நினைப்பாரோ என்று மெல்ல ஆரம்பித்தாள். அதற்கும் இளவரசி அமைதியாகத்தான் பதில் சொன்னார்.

"தங்கத்தை அவர் பாக்காதவரா? அவங்க ஊருக்குக் கப்பல் கப்பலா வந்து இறங்குது. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்."

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் மதாமைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். உடையை அணிவித்தோம். நாடாக்களைக் கட்டும்போது அவர் மூச்சு இயல்பாக இருந்தது.

மாலையில் அன்செல்ம் வந்து, சரியாகத்தான் கண்டுபிடித்தாயா என்று கேட்டார். இல்லை, தப்பு என்றேன். அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு, இளவரசிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். மனைவிக்குச் சூப் கொடுக்கும் நேரம் என்று அவர் எழுந்து போனார்.

அந்த வாரம் அரண்மனையில் ஏழெட்டுச் சீமாட்டிகள் சாம்பல் நிறம் தேடித் தையற்காரர்களைத் துரத்தினார்கள். இதில் ஆழ்ந்த அரசியல் இருக்கிறது என்று மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து மூன்று ஊசிகளும் உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிருந்தன. புத்தகத்தை உதறினாலும் விழாது. அன்செல்முக்கு அது நிம்மதி. எனக்கும்தான். இளவரசி எங்களுக்காகத்தான் அப்படிக் குத்தினார். இரவில் அவற்றை உருவுவதற்கு இப்போது அதிக நேரம் பிடித்தது.

வியாழக்கிழமை பிஷப் வந்தார். ஊசி ரோஜாத் துண்டில் அசையாமல் நின்றது. பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி, சாம்பல் பட்டில் புதுத் துளை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க என் கை போனது. புத்தகத்தை மூடினேன். ரோஜா உடையைத் தூக்க இன்னொருத்தியைக் கூப்பிட்டேன்.